சுவரைத் தின்னும் நாய்

கொருக்குப்பேட்டையில் இருப்புப்பாதையை அடுத்த தெருவொன்றில் இல்லச் சந்திப்புக்காகச் சென்றிருந்தோம். செபம் முடிந்து எழுந்தபோது, அவ்வீட்டு நாய் வாயிற்சுவரின் காரையைப் பெயர்த்துத் தின்றுகொண்டிருக்கக் கண்டோம். "சுண்ணாம்புச் சத்து போதலை சாமி, அதான் செவுத்தைத் தின்னுது" என்றார் அவ்வீட்டு ஆயா. சத்து மருந்து வாங்கி ஒரு மாதம் புகட்டியும் பயனில்லையாம். பள்ளியில் பயிலும் அவருடைய பேரனோ, நாயின் வாயில் கைவிட்டுக் கல்லையும் கரித்துண்டையும் எடுத்தெறிவதைத் தன் அன்றாடக் கடமையாகவே கொண்டிருந்தான். நாய் காரை தின்றதைவிட அச்சிறுவனின் கைதான் நம்மைக் கலங்கச் செய்தது. காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

ஆயாவின் கருத்து அடிப்படையற்றதன்று. தீவனத்தில் பாஸ்பரஸ் குறைந்தால் மாடு எலும்பை மெல்லும் என்பது கால்நடை மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. மாடு வளர்த்துப் பழகிய நம்மவர் அந்த அறிவை நாய்க்கும் பொருத்திவிட்டனர் போலும்! ஆனால் மண்ணும் கல்லும் தின்னும் நாய்க்குத் தாதுக் குறைவு ஒன்றே காரணமாயிருப்பது அரிது. இரத்தச் சோகை, குடற்புழு, கணைய நோய், நீரிழிவு, வெறும் பசி, நாள் முழுதும் கட்டிக்கிடக்கும் சலிப்பு என்று காரணங்கள் பல. பல் முளைக்கும் குட்டி கண்டதையெல்லாம் கடிக்கும். புல் மேய்வதோ நலமுள்ள நாயும் செய்வதே.

வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு நாயைக் கொண்டுசெல்லும்படி கூறினோம். மருத்துவர் முதலில் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்த்தாராம். இளஞ்சிவப்பாய் இருக்கவேண்டிய ஈறு வெளுத்திருந்தது. மலத்தைச் சோதித்ததில் கொக்கிப்புழுவின் முட்டைகள் தெரிந்தன. இப்புழு குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். தாய்ப்பால் வழியாகக் குட்டிக்குச் சேரும். மண்ணிலிருந்து தோலைத் துளைத்தும் உட்புகும். வெறுங்காலோடு விளையாடும் நம் குழந்தைகளின் தோலிலும் நுழைந்து ஊர்ந்து அரிப்புண்டாக்கும் என்பதைத் தாய்மார் கவனிக்க வேண்டும். இரத்தம் உள்ளே வற்றிக்கொண்டிருக்க, சுண்ணாம்பு மருந்து ஓட்டைக் குடத்தில் வார்த்த நீராயிற்று.

நாயின் உணவு பற்றியும் மருத்துவர் கேட்டிருக்கிறார். மீந்த குழம்புச் சோறுதான். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் அளவு மிகுந்தால் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை வளர்க்கும் என்பது நமக்கே புதிய செய்தி. வெறுஞ்சோற்றில் புரதமும் போதாது, சுண்ணாம்பும் போதாது. வளரும் குட்டிக்கு எலும்பு வளைவது அதனாலேயே. அவ்வளவில் ஆயா சொன்னது மெய்தான். வேகவைத்து முள் நீக்கிய மீனும் முட்டையும் சோற்றோடு சேர்த்தல் நலம். காசிமேடு அருகிருக்க மீனுக்கா பஞ்சம்?

கொடுங்கையூர்க் குப்பைமேட்டை அண்டிவாழும் நாய்களோ பிளாஸ்டிக் பையைச் சத்துக் குறைவால் விழுங்குவதில்லை. பையில் ஒட்டிய கறிக்குழம்பின் மணமே அதனை விழுங்கச் செய்கிறது. பையும் துணியும் மாங்கொட்டையும் குடலை அடைத்துக்கொண்டால் நாய் ஓயாமல் வாந்தியெடுக்கும், உணவை வெறுக்கும். அந்நிலையில் மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கக் கண்டால் இழுத்துவிடலாகாது, குடல் அறுபடும்.

இனி அந்தக் கைக்கு வருவோம். ஆயாவின் நாய் பல மாதங்களாகக் காரை தின்றும் வாலாட்டிக்கொண்டு ஓடியாடித் திரிந்தது. அதன் கதை வேறு. நேற்றுவரை நன்றாயிருந்த நாய் திடீரென்று கல், மண், மரக்கட்டை எதையும் கடித்து விழுங்குமாயின், இருட்டில் ஒதுங்குமாயின், குரைக்கும் குரல் மாறுமாயின், அது ரேபீஸ் எனும் வெறிநோயாக இருக்கலாம். சில நாய்கள் சீறுவதேயில்லை. தாடை தொங்கி எச்சில் வடியச் சோர்ந்து கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிற்று என்று இரங்கி வாயில் கைவிடுவோர் உண்டு. விரலில் சிறு கீறல் இருந்தாலும் அவ்வெச்சில் போதும். நோய்க்குறி தோன்றிய பின் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ தடவலாகாது.

ஆயாவின் நாய்க்கு அதுவரை வெறிநோய்த் தடுப்பூசி போட்டதேயில்லை. சிறுவனின் ஆள்காட்டி விரலிலோ நாயின் பல் கீறிய புதுத் தடம் இருந்தது. நாய்க்கு வேப்பேரியிலும் அவனுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் ஊசி போடப்பெற்றன. 3ஆம் நாள், 7ஆம் நாள் ஊசிகளுக்கு அவன் அழுதுகொண்டே போனானாம். 28ஆம் நாளை ஆயா நாட்காட்டியில் தம் கையாலேயே வட்டமிட்டு வைத்திருந்தார்.