வீட்டுத் திரைப்படச் சேகரிப்புக்கு ஏற்ற சர்வர்

திரைப்படங்களை டி.வி.டி., புளூரே டிஸ்குகளாக வாங்கிச் சேர்த்து வைத்திருக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் பல உண்டு. அவற்றைச் சுழற்றும் கருவிகளோ கடைகளில் அருகி வருகின்றன. புதிய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் டிஸ்க் செருகும் இடமே கிடையாது. ஆகையால் படங்களைக் கோப்புகளாக ஒரு கணினியில் ஏற்றி வைத்து, வீட்டிலுள்ள டெலிவிஷன், கைப்பேசி ஆகிய எதிலிருந்து கேட்டாலும் அக்கணினியே வலைப்பின்னல் வழியாகப் படத்தை அனுப்பி வைக்கும் ஏற்பாடு பரவி வருகிறது. இவ்வாறு அனுப்பும் கணினியே வீட்டு மீடியா சர்வர் எனப்படுவது. இதற்கு எத்தகைய யந்திரத்தை வாங்குவது என்ற கேள்விக்கு வணிகர்கள் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே: அதிக வேகமுள்ளதை, அதிக விலையுள்ளதை வாங்குங்கள். அது பெரும்பாலானவர்களுக்குத் தேவையற்ற செலவாகும்.

யந்திரத்தின் வேகம் முக்கியமாவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். அதைப் புரிந்துகொள்ளச் சுருக்கெழுத்தை நினைவுகூர்ந்தால் போதும். எந்தத் திரைப்படமும் கோப்பில் முழு உருவில் இருப்பதில்லை. சுருக்கி எழுதப்பட்டே இருக்கிறது. அப்படிச் சுருக்கும் முறைகள் பல. டி.வி.டி. டிஸ்கில் உள்ளது எம்பெக்-2 என்ற பழைய முறை. 2003-இல் எச்.264 என்ற முறையும், 2013-இல் எச்.265 என்ற முறையும், 2018-இல் ஏ.வி.1 என்ற முறையும் வெளிவந்தன. ஒரு சுருக்கெழுத்தாளரின் குறிப்பை அதே முறையைப் பயின்ற மற்றொருவரிடம் கொடுத்தால் அவர் நேராகப் படித்துவிடுவார். கொடுப்பவருக்கு வேலையே இல்லை. வேறு முறை பயின்றவரிடம் கொடுப்பதாயின், இடையில் ஒருவர் அமர்ந்து, முதல் குறிப்பைப் படித்து, இரண்டாம் முறையில் திருப்பி எழுதிக்கொண்டே வரவேண்டும். அதையும் பேச்சின் வேகத்துக்குச் சற்றும் பின்தங்காமல் செய்யவேண்டும். சர்வர் செய்யும் இந்த இடைவேலைக்கு டிரான்ஸ்கோடிங் என்று பெயர். இது நேரும்போதுதான் கணினிக்கு மூச்சுத் திணறுகிறது. நேராகக் கொடுக்கும் வேலைக்கு மிகச் சாதாரணமான யந்திரமே போதும்.

ஆகவே எந்தச் சர்வர் என்று கேட்பதற்கு முன்னால், தம் வீட்டு டெலிவிஷனுக்கு எந்தச் சுருக்குமுறைகள் தெரியும் என்பதையே அறியவேண்டும். எச்.264 முறையைப் படிக்காத டெலிவிஷனோ கைப்பேசியோ இன்று அரிது. எச்.265 முறையைச் சில ஆண்டுகளாக வந்துள்ள பெரும்பாலான டெலிவிஷன்கள் படிக்கின்றன. ஏ.வி.1 முறை அதற்கும் புதியது. விந்தை என்னவெனில், மிகப் பழைய எம்பெக்-2 முறையே தொல்லை தருகிறது; கைப்பேசிகளும் இணைய உலாவிகளும் அதைப் பொதுவாக ஏற்பதில்லை. டி.வி.டி. படத்தை மாற்றமின்றிக் கோப்பாக்கி வைத்திருப்பவர், தம் கைப்பேசியில் அதைப் பார்க்க முயலும் ஒவ்வொரு முறையும் சர்வரை வருத்துகிறார்.

கண்ணில் படாத இன்னொரு காரணமும் உண்டு. அது சப்டைட்டில். சில கோப்புகளில் சப்டைட்டில் எழுத்தாக இருக்கும்; அதை டெலிவிஷனே படத்தின்மேல் எழுதிக்கொள்ளும். டி.வி.டி., புளூரே டிஸ்குகளிலிருந்து எடுக்கப்பட்டதோ எழுத்தன்று, எழுத்தின் படம். அதை ஏற்காத கருவிக்காகச் சர்வர் அப்படத்தை ஒவ்வொரு காட்சியின்மேலும் பதித்து, படம் முழுவதையும் புதிதாகச் சுருக்கி அனுப்ப நேரிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த படம் சப்டைட்டிலைத் தொட்டவுடன் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒலியை மட்டும் மாற்ற நேர்ந்தால் அஞ்சவேண்டியதில்லை. அது இலகுவான வேலை.

இவற்றையெல்லாம் காசு செலவழிக்காமலே சோதித்துப் பார்க்கலாம். கைவசமுள்ள மடிக்கணினியில் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, தம் சேகரிப்பில் வெவ்வேறு வகையான மூன்று நான்கு படங்களை அதில் வைத்து, வீட்டு டெலிவிஷனில் ஓட்டிப் பார்ப்பது நலம். படம் நேராகச் செல்கிறதா, மாற்றப்பட்டுச் செல்கிறதா, மாற்றப்படுவதாயின் எக்காரணத்தால் என்பதை அம்மென்பொருளின் கட்டுப்பாட்டுப் பக்கம் காட்டிவிடும். இந்த ஒரு மாலைச் சோதனை, கடைக்காரரின் ஒரு மணி நேரப் பேச்சைவிடப் பயனுள்ளது.

எல்லாப் படங்களும் நேராகச் செல்வதாகத் தெரிந்தால், பழைய மேஜைக் கணினியோ, உள்ளங்கையளவுள்ள ராஸ்பெரி பை கணினியோகூட வேலையைச் செய்துவிடும். ஆனால் 2023-இல் வந்த ராஸ்பெரி பை 5-இல் படத்தைச் சுருக்கி எழுதுவதற்கென்று தனிச் சாதனம் இல்லை என்பதை நினைவில் வைக்கவேண்டும். டிரான்ஸ்கோடிங் தேவைப்படும் வீட்டுக்கு அது ஏற்றதன்று. அத்தகைய வீட்டுக்கு, படத்தை மாற்றுவதற்கென்றே தனிப் பகுதி அமைந்த பிராசஸர் உள்ள சிறு கணினி உகந்தது. இன்டெல் நிறுவனம் 2011 முதல் தன் பிராசஸர்களில் பலவற்றில் இப்பகுதியை அமைத்து வருகிறது. 2023-இல் வெளிவந்த என்100 என்பது அவற்றில் எளியதொன்று. அதன் மின்தேவை 6 வாட் எனக் குறிக்கப்பட்டுள்ளது. பெரிய பிராசஸர் தன் முழு பலத்தையும் செலுத்திச் செய்யும் மாற்றத்தை, இச்சிறு பிராசஸர் தன் தனிப் பகுதியைக் கொண்டு அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடுகிறது. நாஸ் எனப்படும் சேமிப்புப் பெட்டிகளில் பல டிஸ்குகளை வரிசையாகச் செருகலாம் என்பது சௌகரியமே. ஆயினும் அவற்றுள் சில மலிவான பெட்டிகளின் பிராசஸர் படத்தை மாற்றும் திறனற்றது. பெட்டியின் பளபளப்பைப் பார்க்காமல், உள்ளே இருக்கும் பிராசஸரின் பெயரைக் கேட்டு வாங்கவேண்டும்.

பழைய கணினி இலவசம் என்று கருதுவோர் மின்சாரக் கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும். 60 வாட் இழுக்கும் மேஜைக் கணினி ஆண்டு முழுவதும் இரவு பகலாக ஓடினால் ஏறத்தாழ 526 யூனிட் செலவாகும். 10 வாட் இழுக்கும் சிறு கணினிக்கு 88 யூனிட்தான். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அதே பழைய கணினியை மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் ஓட்டி அணைத்துவிட்டால் அதற்கும் அதே 88 யூனிட்தான் ஆகிறது. சர்வர் என்றால் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும் என்ற சட்டம் எதுவுமில்லை. மின்வெட்டு உள்ள ஊர்களில், எவ்வகை யந்திரமாயினும் ஒரு சிறிய யூ.பி.எஸ். அவசியம், ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் பழுதாகக்கூடும்.

வலைப்பின்னலைப் பற்றிச் சிறிது கூறினால் போதும். டி.வி.டி. படத்துக்கு வினாடிக்கு அதிகபட்சம் 10 மெகாபிட் அளவே வேண்டியிருக்கிறது. புளூரே படத்தின் காட்சிக்கு 40 மெகாபிட் வரை வேண்டும். சாதாரண வீட்டு வைஃபை இவற்றைத் தாங்கும். 4கே டிஸ்கின் முழு நகலோ சில காட்சிகளில் 100 மெகாபிட்டையும் தாண்டிவிடும். பல டெலிவிஷன்களில் உள்ள கேபிள் துளையின் வேகமே 100 மெகாபிட்தான். கேபிளைவிட வைஃபையில் படம் நன்றாக ஓடுகிறதே என்று சிலர் வியப்பதன் காரணம் இதுவே.

யந்திரத்தைவிட அதிகக் கவலைக்குரியது டிஸ்க். இரட்டை அடுக்குப் புளூரே ஒன்றில் 50 ஜிகாபைட் வரை இருக்கும். சராசரி 30 ஜிகாபைட் என்று கொண்டால் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஏறத்தாழ 130 படங்கள் அடங்கும். அந்த 130-உம் ஒரே நொடியில் போகவும் கூடும். இரண்டு டிஸ்குகளில் ஒரே விஷயத்தை ஏககாலத்தில் எழுதும் ரெய்டு என்ற முறை, ஒரு டிஸ்க் பழுதானால் மற்றதைக் கொண்டு வேலையைத் தொடரச் செய்யும். ஆனால் தவறுதலாக ஒரு படத்தை அழித்தால் அது இரண்டிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டும் கருகும். திருடன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் போகும். ஆகையால் ரெய்டைக் காப்பு நகல் என்று கொள்வது பெரும் பிழை. ரெய்டுக்குச் செலவழிக்கும் இரண்டாம் டிஸ்கை வெளி டிஸ்காக வாங்கி, மாதத்துக்கு ஒருமுறை நகலெடுத்து, உறவினர் வீட்டில் வைப்பதே மேல். இந்தியாவின் முதல் பேசும் படமான ஆலம் ஆரா 1931-இல் வெளிவந்தது; அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. 2003-இல் புனேயில் நேர்ந்த தீவிபத்தில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் பிலிம்கள் பல எரிந்துபோயின. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பிரதி என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டுத் திரைப்பட வரலாறே போதிய சான்று.

மென்பொருளில் பிளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின் ஆகிய மூன்றும் பெயர் பெற்றவை. எம்பி தன் மூலக் குறிகளை மூடிக்கொண்டபோது, 2018 இறுதியில், அதிலிருந்து பிரிந்ததே ஜெல்லிஃபின். பிளெக்ஸ் பயன்படுத்த எளிது. ஆயினும் பிராசஸரின் தனிப் பகுதியைக் கொண்டு படத்தை மாற்றும் வசதிக்கு அது கட்டணம் கேட்கிறது. வெளியூரிலிருந்து தம் படத்தைத் தாமே பார்ப்பதற்கும் 2025 முதல் கட்டணம் கேட்கலாயிற்று. ஜெல்லிஃபினில் இவற்றுக்குக் கட்டணமில்லை; வீட்டுக்குள் பார்க்க இணைய இணைப்பும் வேண்டியதில்லை. இணையம் அடிக்கடி அறுந்துபோகும் சிற்றூர்களில் பணிபுரிவோருக்கு இது பெரிய அனுகூலம். எதை ஏற்றினாலும் கோப்புக்குப் பெயரிடும்போது படத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்க்கவேண்டும். தேவதாஸ் என்று மட்டும் எழுதினால், 1953-இல் தமிழில் வந்ததா, 1955-இல் இந்தியில் வந்ததா, 2002-இல் இந்தியில் வந்ததா என்பதை யந்திரம் எவ்வாறு அறியும்?

ஆசிரியர்களுக்கும் கள ஊழியர்களுக்கும் இவ்விஷயத்தில் தனி அக்கறை ஒன்று உண்டு. பாடத்துக்கும் பயிற்சிக்கும் உதவும் படங்களை அவர்களில் பலர் சொந்த முயற்சியால் சேர்த்து வைத்திருக்கின்றனர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் நீடிக்கும். 1955-இல் வெளியான படத்தின் உரிமை 2015 இறுதியோடு முடிந்தது. உரிமை நீடிக்கும் படத்தையும், கல்வி நிலையத்தின் பணிகளை ஒட்டி, அதன் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முதலிய தொடர்புடையோருக்கு மட்டும் காட்ட அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடமளிக்கிறது. வீட்டுச் சர்வரை இணையத்தில் ஊரார் அனைவருக்கும் திறந்துவிடுவது அவ்விலக்கில் அடங்காது.

பள்ளியிலோ பயிற்சிக் கூடத்திலோ காட்டுவதற்கு இணைய இணைப்புத் தேவையில்லை. சர்வர் மென்பொருள் ஏற்றிய ஒரு மடிக்கணினியும், இணைய இணைப்பற்ற ஒரு ரவுட்டரும் இருந்தால் அறைக்குள்ளேயே ஒரு வலைப்பின்னல் அமைந்துவிடும். ஆனால் இருபது பேர் தம் கைப்பேசிகளில் ஏககாலத்தில் பார்ப்பதானால், இருபது பேருக்கும் படத்தை மாற்றிக் கொடுக்கப் பல சிறு கணினிகளால் இயலாது. முதல்நாள் இரவே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, படத்தை எச்.264 முறையில், 480 வரி அளவில், வினாடிக்கு ஒரு மெகாபிட் வீதத்தில் மாற்றிவைத்துக்கொண்டால் இருபது பேருக்கும் சேர்ந்து 20 மெகாபிட்தான் ஆகும். அதை எளிய ரவுட்டரும் தாங்கும். சப்டைட்டிலை எழுத்து வடிவக் கோப்பாகத் தனியே வைப்பதையும், எல்லாக் கைப்பேசிகளுக்கும் முன்னதாக ஒரு கைப்பேசியில் ஓட்டிப் பார்ப்பதையும் மறக்கலாகாது.