கடுகோடு வரும் பிரமதண்டு

ஆற்றங்கரையிலும், இருப்புப்பாதையின் ஓரத்திலும், உழுது கைவிட்ட தரிசிலும் மஞ்சள் மலர் தாங்கி நிற்கும் ஒரு முட்செடியை மாணவர்கள் பலர் கண்டிருக்கக்கூடும். அதன் இலைகளில் வெண்ணிற நரம்புகள் ஓடியிருக்கும், விளிம்பெல்லாம் முள். தண்டை ஒடித்தால் மஞ்சட்சாறு கசியும். இதுவே பிரமதண்டு. குடியோட்டிப் பூண்டு என்பாரும் உளர். அடியோடு அழிப்பது என்று பொருள்படும் பெயரால் இதனை வட இந்தியர் வழங்குகின்றனர். அப்பெயர் எத்துணைப் பொருத்தம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பழம்பெயர் பூண்டு நம் நாட்டுச் செடிபோல் நின்றாலும், இதன் தாயகம் மெக்சிக்கோவும் அதனை அடுத்த நாடுகளுமாகும். கசகசாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1492-இல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னர், ஐரோப்பியக் கப்பல்களின் போக்குவரவால் வெப்ப நாடுகள் பலவற்றிற்கும் பரவிற்று. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு ‘ஆர்கெமோனி மெக்சிகானா’ என்று பெயர் சூட்டினார்.

இது ஓராண்டுச் செடி. முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, ஓராண்டிற்குள் மடிந்துவிடும். ஆதலின் இதன் முழு முயற்சியும் விதையைப் பெருக்குவதிலேயே செல்கிறது. மலரில் தேன் இல்லை. மகரந்தத்தை நாடியே வண்டுகள் வருகின்றன. வண்டு வாராவிடினும் தன் மகரந்தத்தாலேயே கருவுற இதனால் இயலும். முள் செறிந்த காய் முற்றியதும் நுனியில் வெடித்துத் திறக்கும். ஒரு காயினுள் நூற்றுக்கணக்கான கரிய விதைகள் இருக்கும். அவை ஒரே பருவத்தில் முளைத்துவிடுவதில்லை. மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, ஒவ்வோர் ஆண்டும் சில சிலவாகத் தலைகாட்டும். உழவர் ஒரு முறை களைந்தால் தொலைவதில்லை என்பதற்குக் காரணம் இதுவே. முள்ளுக்கும் கசப்புக்கும் அஞ்சி ஆடுமாடுகளும் இதனைத் தொடுவதில்லை.

எருக்கின் விதைக்குப் பஞ்சு உண்டு. நாயுருவிக்கு ஒட்டும் முள் உண்டு. பிரமதண்டின் விதைக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. மழைநீரும், குளம்பிலும் சக்கரத்திலும் ஒட்டிய சேறும் அதனைச் சிறிது தொலைவு கொண்டு செல்லும். நெடுந்தொலைவு கொண்டு செல்பவன் மனிதனே. இவ்விதை நிறத்தாலும் அளவாலும் கடுகை ஒத்திருக்கிறது. வட இந்தியக் கடுகு வயல்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் முற்றுகின்றன. அறுவடையில் கலந்து, மூட்டையில் ஏறி, விதைப்பில் அடுத்த வயலை அடைகிறது. சில வேளை செக்கையும் அடைகிறது.

தீங்கு அங்கேதான் தொடங்குகிறது. இதன் எண்ணெயிலுள்ள சாங்குவினரின் என்னும் நஞ்சு நுண்ணிய இரத்தக் குழாய்களை விரிந்து கசியச் செய்யும். கால்கள் வீங்கும், மூச்சுத் திணறும், இதயம் தளரும். கண்ணினுள் அழுத்தம் மிகுந்து பார்வையும் கெடலாம். ‘ஆர்கெமோனி’ என்பது கண்ணோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, அதற்கு மருந்தென்று கருதப்பட்ட செடிக்கு வந்த பெயர் என்பது ஒரு விந்தை! 1877-இல் கல்கத்தாவில் இந்நோய் குறிக்கப்பட்டபோது அதன் காரணம் தெரியவில்லை. தொற்றுநோயென்றே பலர் ஐயுற்றனர். குற்றவாளி இவ்வெண்ணெயே என்பதை 1937-இல் லால், ராய் என்னும் ஆய்வாளர்கள் மனிதர்க்கு அளித்துச் சோதித்து நிறுவினர். அறிந்த பின்னும் கொடுமை ஒழியவில்லை. 1998-இல் தில்லியில் கலப்படக் கடுகெண்ணெயை உண்டு 60 பேருக்கு மேல் மாண்டனர். இதற்கு முறிமருந்து இல்லை. எண்ணெயை உடனே நிறுத்தி, நோயின் குறிகளுக்கு மருத்துவம் செய்தலே வழி.

நம் வீடுகளில் கடுகு பெரும்பாலும் தாளிதத்திற்கே பயன்படுகிறது. எனவே நம்மை வந்தடையும் தீங்கு சிறிது. எனினும் இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் எளிது. ஐயத்திற்குரிய மணிகளைக் கைக்கண்ணாடியால் நோக்குக. கடுகின் மேற்புறம் வழவழப்பாக இருக்கும்; பிரமதண்டின் விதையிலோ வலைப்பின்னல் போன்ற பள்ளங்கள் காணப்படும். நசுக்கிப் பார்த்தால் கடுகின் உள்ளே மஞ்சள், மற்றதன் உள்ளே வெள்ளை.