நெருப்பு மலையின் நிழலில்

திருவண்ணாமலையை ஒட்டி, வேலூர் போகும் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். மாவட்ட கலெக்டர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது.

பட்டா கேட்டு வருகிறவர்கள், பென்ஷன் கேட்டு வருகிறவர்கள் என்று எத்தனையோ பேர் மனுவோடு வந்து இறங்குவார்கள். நிமிர்ந்தால் எதிரே மலை! 2 ஆயிரத்து 668 அடி உயரம். மனுவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்கள். பிறகுதான் அலுவலகம். கலெக்டரிடம் கொடுப்பதற்கு முன்பே அண்ணாமலையாரிடம் மனு கொடுத்தாகிவிட்டது!

இந்த ஊரில் மலைமேல் கோவில் இல்லை. மலையே சாமி.

"பயபக்தி" என்று நம் வீடுகளில் ஒரே சொல்லாகச் சொல்லுகிறோம். பயம் வேறு, பக்தி வேறு அல்லவா? பயப்படுகிற இடத்தை விட்டு விலகி ஓடுவோம். அன்பு வைத்த இடத்தை நெருங்கிப் போவோம். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்? இதற்கு விடை தேடுகிறவர்கள் திருவண்ணாமலைக்குத்தான் வர வேண்டும்.

மிதித்ததற்குப் பரிகாரம்

பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் "யார் பெரியவர்?" என்று போட்டி வந்தது. சிவபெருமான் நெருப்புத் தூணாக எழுந்து நின்றார். அடியையும் காணவில்லை; முடியையும் காணவில்லை. அந்த நெருப்பை யாராலும் நெருங்க முடியவில்லை. ஆகவே மனிதர்கள் பார்த்துக் கும்பிடுவதற்காக இறைவன் மலையாகக் குளிர்ந்து நின்றார் என்பது தல புராணம்.

குளிர்ந்தாலும் நெருப்பு நெருப்புத்தானே! அதனால் மலைமேல் ஏறுவதைவிட, சுற்றி வருவதையே இங்கு பெரிய வழிபாடாக நினைக்கிறார்கள். 14 கிலோ மீட்டர் தூரம். பவுர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். ஆண்டுக்கு 2 தடவை அண்ணாமலையாரே எழுந்தருளி மலையைச் சுற்றி வருகிறார்.

கார்த்திகைத் தீபத்துக்கு மட்டும் உச்சிக்குப் போய்த்தான் ஆகவேண்டும். பருவதராஜ குலத்தார் பரம்பரை உரிமையாகத் தீபம் ஏற்றுகிறார்கள். 11 நாட்கள் தீபம் எரிந்து முடிந்த பிறகு, உச்சியில் புனித நீர் தெளித்துப் பிராயச்சித்த பூஜை நடப்பது வழக்கம். எதற்கு? சாமியைக் காலால் மிதித்தோமே, அதற்காக! விளக்கு ஏற்றப் போனவர்களுக்காகவும் மன்னிப்புக் கேட்கிற ஊர் இது.

மூன்று ரூபாய்

இந்த மலையை நம்பி ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்த கதை ஊரறிந்தது. இருந்தாலும் சிறுவர்களுக்காக இன்னொரு தடவை சொல்லலாம்.

பையன் பெயர் வேங்கடராமன். சொந்த ஊர் திருச்சுழி. மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்து வந்தான். வயது 16. 1896-ம் ஆண்டு ஜூலை மாதம், மாடி அறையில் தனியாக இருந்தபோது திடீரென்று மரண பயம் பிடித்துக்கொண்டது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. பையன் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. செத்தவனைப் போல நீட்டிப் படுத்து, "சாவது எது?" என்று யோசித்தான். அன்றோடு பயம் போயிற்று.

ஆகஸ்டு 29-ந்தேதி, காலேஜுக்குச் சம்பளம் கட்டச் சொல்லி அண்ணன் 5 ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பையன் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டான். மீதி 2 ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் புறப்பட்டான். தன் தகப்பனைத் தேடிப் போவதாக அதில் எழுதியிருந்தான். பெற்ற தகப்பனாரோ காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன!

ரெயில் கட்டணத்துக்குப் பணம் போதவில்லை. கொஞ்ச தூரம் நடந்தான். பசித்தது. காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தான். செப்டம்பர் 1-ந்தேதி காலையில் திருவண்ணாமலையில் இறங்கி நேரே சன்னதிக்குப் போனான். பிறகு கையில் மிச்சம் இருந்த காசையும், வழியில் ஒரு வீட்டில் கொடுத்த பட்சணத்தையும் அய்யங்குளத்தில் போட்டுவிட்டான்.

நாளைச் சாப்பாட்டுக்குக் காலணா வைத்துக்கொண்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அந்தப் பையனுக்குத் தோன்றவில்லை. அவர்தான் ரமண மகரிஷி. 1950 ஏப்ரல் 14-ந்தேதி மறையும் வரையில் 54 ஆண்டுகள் அவர் இந்த மலையை விட்டுப் போகவே இல்லை.

மிதிக்கப் பயப்படுகிற மலையில் அவர் குகையில் குடியிருந்தாரே என்று கேட்கலாம். ஊருக்கெல்லாம் பெரிய மனிதராக இருந்தாலும், பிள்ளை மடியில் ஏறினால் தகப்பன் கோபித்துக்கொள்வதில்லை.

மலை சரிந்தது

இந்தப் பயத்துக்கும் நம்பிக்கைக்கும் 2024-ம் ஆண்டில் பெரிய சோதனை வந்தது.

நவம்பர் 30-ந்தேதி இரவு "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திருவண்ணாமலையில் விடாமல் மழை கொட்டியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை, அடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. உள்ளே இருந்தவர்கள் 7 பேர். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

மீட்புப் படையினர் கொட்டும் மழையில் தோண்டினார்கள். யாரையும் உயிரோடு மீட்க முடியவில்லை. டிசம்பர் 3-ந்தேதிதான் எல்லா உடல்களும் கிடைத்தன.

மறுநாள் 4-ந்தேதி கோவிலில் தீபத் திருவிழாக் கொடியேற்றம்!

தகப்பன் என்று கும்பிட்ட மலை குழந்தைகளின் மேல் விழுந்ததே, ஏன்? இந்தக் கேள்விக்குப் புராணத்தில் விடை தேடிப் பயன் இல்லை. ஊறிய மண் சரியும். கீழே யார் இருக்கிறார்கள் என்று பாறை பார்ப்பதில்லை. ஊர் பெருகப் பெருக, வீடுகளும் அடிவாரத்தில் மேலே மேலே ஏறிவிட்டன. அவர்களுக்கும் எங்காவது ஒரு கூரை வேண்டுமே!

மண்ணியல் நிபுணர்கள் வந்து மலையை ஆராய்ந்தார்கள். தீபத்தன்று பக்தர்கள் யாரும் மலை ஏறக்கூடாது என்று அரசு அறிவித்தது. தீபப் பணிக்குத் தேவையானவர்கள் மட்டும் கொப்பரையோடும் நெய்யோடும் போகலாம் என்று முடிவாயிற்று. இது பக்திக்குத் தடையா? மலையைத் தூரத்தில் நின்று கும்பிடு என்று முன்னோர்கள் சொன்னதையே, அந்த ஆண்டு நிபுணர்களும் வேறு காரணத்துக்காகச் சொன்னார்கள்.

டிசம்பர் 13-ந்தேதி வெள்ளிக்கிழமை மாலை 6 மணி. கோவிலுக்குள் அர்த்தநாரீசுவரர் ஆடியபடி வெளியே வந்தார். ஆண்டில் அந்தச் சில நிமிடம் மட்டுமே அவர் தரிசனம். அதே நேரத்தில் உச்சியில் தீபம் எரிந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்ற குரல் ஊரெல்லாம் கேட்டது.

மலைத் தீபத்தைப் பார்த்த பிறகுதான் இந்தப் பக்கத்து வீடுகளில் அகல் ஏற்றுவார்கள். அதற்காக எண்ணெயும் திரியும் இட்டு வாசலில் காத்திருப்பார்கள். அந்த ஆண்டும் காத்திருந்தார்கள். உச்சியில் வெளிச்சம் தெரிந்ததும், பெண்கள் தீக்குச்சியைக் கிழித்தார்கள்.