கடலுக்குள் நிற்கும் மரச் சிலந்திகள்!

இத்தாலி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது குட்டீஸ்? பைசாவின் சாய்ந்த கோபுரம், படகு ஓடும் வெனிஸ் தெருக்கள், பீட்சா... சரிதானே? உலகம் முழுவதிலும் இருந்து வரும் சுற்றுலாப் பயணிகளும் இவற்றைப் பார்க்கத்தான் முட்டி மோதுகிறார்கள். நாம் அந்தக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். லீவு நாளில் என்ன அவசரம்? ஆளுக்கொரு சைக்கிளை எடுத்துக்கொண்டு, அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு கடற்கரைக்கு மெதுவாகப் போய் வரலாம், வாங்க!

இத்தாலியின் வரைபடத்தைப் பாருங்கள். பூட்ஸ் போட்ட கால் மாதிரி இருக்கும். அதில் கெண்டைக்கால் இருக்க வேண்டிய இடத்தில், கிழக்குப் பக்கமாக அப்ரூட்ஸோ மாநிலம் இருக்கிறது. அதன் கரையைத் தொடுவது அட்ரியாட்டிக் கடல். ரோமில் இருந்து மலைகளைத் தாண்டி பஸ்ஸில் வந்தால் சுமார் 3 மணி நேரத்தில் பெஸ்காரா நகரம். அங்கிருந்து தெற்கே, ரயிலில் கொஞ்ச நேரத்தில் ஓர்ட்டோனா. நம் சைக்கிள் பயணம் இங்கே ஆரம்பித்து வாஸ்டோ என்ற ஊரில் முடியும். நடுவில் இருப்பதுதான் 'டிராபோக்கி கடற்கரை'. அது என்ன பெயர் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

முதலில் பாதையைப் பாருங்கள். இதில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது! 19-ம் நூற்றாண்டில் போட்ட தண்டவாளம், அலை வந்து தொட்டுவிடும் தூரத்தில் கடலை ஒட்டியே போனது. 2005-ல் ரயிலை மலைக்குள் புதிய சுரங்கங்கள் வழியாகத் திருப்பி விட்டார்கள். பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, அதே இடத்தில் சுமார் 42 கி.மீ. தூரத்துக்கு சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். கார் கிடையாது, ஹாரன் கிடையாது. பழைய ரயில் சுரங்கங்களும் இப்போது சைக்கிளுக்குத்தான். வெயிலில் மிதித்துக் களைத்து உள்ளே நுழைந்தால் பானைத் தண்ணீரில் கை விட்ட மாதிரி ஜில்லென்று இருக்கும். இடது பக்கம் கடல், வலது பக்கம் திராட்சையும் ஆலிவும் விளையும் குன்றுகள். அதற்கும் பின்னால் மயெல்லா மலை. கீழே நாம் வியர்த்து வழிகிற மே மாதத்திலும் அதன் உச்சியில் பனி தெரியும்.

ஓர்ட்டோனாவை விட்டுக் கிளம்பும் முன் ஒரு தேவாலயத்தை எட்டிப் பார்த்துவிடலாம். சென்னையில் சாந்தோம் இருக்கிறது அல்லவா? ஏசுநாதரின் சீடரான புனித தோமையார் பரங்கிமலையில் கொல்லப்பட்டு, அந்த இடத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அவருடைய எலும்புகள் பிறகு மேற்கே கொண்டு போகப்பட்டு, கடைசியில் கிரேக்கத் தீவான கியோஸில் இருந்தனவாம். 1258-ல் அந்தத் தீவுக்குப் போன ஓர்ட்டோனா மாலுமிகள், அவற்றைத் தங்கள் ஊருக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். இன்றும் இந்தத் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. மயிலாப்பூருக்கும் முன்பின் தெரியாத இந்த ஊருக்கும் இப்படி ஒரு சொந்தம்!

சரி, சைக்கிளை மிதியுங்கள். சான் விட்டோ என்ற ஊர் வந்ததும் பிரேக் போடுவோம். அதோ, கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அதுதான் டிராபோக்கோ. ஒன்று என்றால் டிராபோக்கோ, நிறைய இருந்தால் டிராபோக்கி.

தூரத்தில் இருந்து பார்த்தால், நீண்ட கால்களை ஊன்றிக்கொண்டு ஒரு ராட்சத சிலந்தி தண்ணீரில் நிற்பது போல இருக்கும். கிட்டே போனால்தான் அது மரத்தாலான ஒரு மேடை என்று தெரியும். கரையில் இருந்து அதற்கு ஒரு ஒடுக்கமான மரப்பாலம். ஒரு ஆள் போனால் எதிரே வருபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். மேடையில் இருந்து நீளமான கழிகள் கடலை நோக்கி நீண்டிருக்கும். அவற்றில் இருந்துதான் பெரிய சதுர வலை தொங்கும். கொச்சிக்குப் போனவர்கள் அங்குள்ள சீன வலையைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே யோசனைதான்.

இந்தப் பாறைக் கரையில் படகைக் கட்டி வைக்க நல்ல இடம் குறைவு. இங்கே இருந்தவர்களில் பலர் விவசாயிகள். கடலுக்குள் போகவும் பயம், மீனும் வேண்டும்! படகில் ஏறாமலே மீன் பிடிக்க அவர்கள் கண்டுபிடித்த வழி இது. வலையை மெதுவாகக் கடலின் அடி வரைக்கும் இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். ஒருவர் தண்ணீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். மீன் கூட்டம் வலைக்கு மேலே வந்ததும் அவர் குரல் கொடுப்பார். உடனே மற்றவர்கள் செக்கு சுற்றுவது போல மேடையில் உள்ள உருளையைச் சுற்றிச் சுற்றித் தள்ளுவார்கள். கயிறு சுருண்டு வலை சர்ரென்று மேலே வரும். துள்ளும் மீன்களை நீளமான கைப்பிடி போட்ட சின்ன வலையால் அள்ளிக்கொள்வார்கள். கடல் கலங்கியிருக்கும் நாள்தான் இவர்களுக்கு ராசியான நாள். மீன்களின் கண்ணுக்கு வலை தெரியாது!

இவ்வளவு மெலிந்த மேடை புயல் அடித்தால் எப்படி நிற்கும்? கல்லாலோ சிமென்ட்டாலோ விறைப்பாகக் கட்டியிருந்தால் அலை மோதி மோதி உடைத்திருக்கும். டிராபோக்கோ கம்பிகளாலும் கயிறுகளாலும் பாறையோடு இழுத்துக் கட்டப்பட்டது. அலை வந்தால் கொஞ்சம் ஆடும், வளையும், பிறகு பழையபடி நிற்கும். ஆனால், எப்போதும் தப்பித்துவிடும் என்று சொல்ல முடியாது. இந்த சான் விட்டோவில் உள்ள 'துர்க்கினோ' என்ற டிராபோக்கோ ரொம்பப் பிரபலம். இத்தாலிய எழுத்தாளர் தன்னுன்ஸியோ 1894-ல் வெளிவந்த தன் நாவலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டதே 2014-ல் கடல் கொந்தளிப்பில் இடிந்து விழுந்துவிட்டது! ஊரே கண் கலங்கியது. பிறகு பழைய மாதிரியே மறுபடி கட்டி நிறுத்திவிட்டார்கள்.

புயலை விடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. இந்த வலையில் கிடைக்கும் மீனை விற்று இன்று ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. மர வேலையோ ஓயாது. உப்புக் காற்றில் மரம் உளுக்கும், கம்பி துருப்பிடிக்கும், ஒவ்வொரு வருடமும் எதையாவது மாற்ற வேண்டும். காசுக்கு எங்கே போவது? அதனால் பல டிராபோக்கிகள் உணவகங்களாக மாறிவிட்டன. காலுக்குக் கீழே அலை அடிக்க, பலகை இடுக்கில் கடல் தெரிய, மேசை போட்டு மீன் பரிமாறுகிறார்கள். 'இப்படியாவது பிழைத்துக் கிடக்கட்டும்' என்கிறார்கள் சிலர். 'வலை இறங்காத டிராபோக்கோ வெறும் ஹோட்டல்தான்' என்கிறார்கள் சிலர். இவற்றைக் காப்பாற்ற மாநில அரசு 1994-லேயே சட்டம் போட்டது. ஆனாலும் இந்த வாக்குவாதம் தீரவில்லை. எனக்குக் கேட்டால், சாப்பாடு நடக்கட்டும், ஆனால் வலையும் இறங்கட்டும் என்பேன். நீங்கள் எந்தக் கட்சி?

இன்னும் தெற்கே போனால் சாங்ரோ என்ற ஆறு கடலில் கலக்கிறது. இங்கே கொஞ்சம் அமைதியாக நிற்போம். இரண்டாம் உலகப் போரில், 1943 நவம்பரில், இந்த ஆற்றைக் கடக்கக் கடும் சண்டை நடந்தது. பிரிட்டிஷ் படையோடு சேர்ந்து போரிட்டவர்களில் இந்திய வீரர்களும் இருந்தார்கள். பக்கத்துக் குன்றில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில், தகனம் செய்யப்பட்ட 500-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. நம் நாட்டுப் பெயர்கள், இவ்வளவு தூரத்தில், கடலைப் பார்த்தபடி!

வாஸ்டோவுக்குச் சற்று முன்பு புன்டா அதெர்ச்சி. 1998-ல் இருந்து இது பாதுகாக்கப்பட்ட இடம். மணலில் நடக்கும்போது கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு சின்னப் பறவை வெறும் மணலிலேயே முட்டையிடும். முட்டையும் மணல் நிறம்! யாரும் மிதித்துவிடக் கூடாது என்று, தொண்டர்கள் கூடு இருக்கும் இடத்தைச் சுற்றி குச்சி நட்டு கயிறு கட்டி வைக்கிறார்கள். அருகே புன்டா பென்னாவில் 70 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் வேறு. இத்தாலியில் இதைவிட உயரமானது ஜெனோவாவில் உள்ள ஒன்றுதான்.

வாஸ்டோ மேட்டின் மேல் இருக்கும் பழைய ஊர். 1956-ல் இங்கே பெரிய மண்சரிவு ஏற்பட்டு ஊரின் ஒரு பகுதியே சரிந்து போனது. சான் பியத்ரோ தேவாலயத்தில் மிஞ்சியது முன்வாசல் சுவர் மட்டும்தான். அந்த வாசல் வழியாகப் பார்த்தால் உள்ளே பீடம் தெரியாது, வானம் தெரியும்.

பசிக்கிறதா? இந்த ஊர் ஸ்பெஷல், மண்சட்டியில் செய்யும் மீன் குழம்பு. பெயர் 'ப்ரொதெத்தோ'. பல வகை மீன்களும் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் சேரும். ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. கரண்டி போட்டுக் கிளறவே கூடாது, மீன் உடைந்துவிடும்! சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து லேசாக ஒரு சுழற்று சுழற்ற வேண்டும். உங்கள் பாட்டி மீன் குழம்பு வைக்கும்போது எப்படிச் செய்கிறார் என்று இன்றைக்குக் கவனியுங்களேன்!