வீடு திரும்பிய பின்னும் விழிப்புத் தேவை

நுரையீரல் அறுவை சிகிச்சைக்குப் பின் நடமாட்டம் குறைவதால், கால்களின் ஆழமான இரத்தக் குழாய்களில் இரத்தக்கட்டி உருவாகக்கூடும். புற்றுநோய் உள்ளவர்களுக்கு இவ்வாய்ப்பு மேலும் அதிகம். அக்கட்டி பெயர்ந்து சென்று நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு பகுதி அகற்றப்பட்ட நுரையீரலால் அந்த அடைப்பைத் தாங்குவது கடினம்.

இவ்வாபத்து வீடு திரும்பியதும் நீங்கிவிடுவதில்லை. சில வாரங்கள் தொடர்கிறது. ஆகவே சிலருக்கு ஹெப்பாரின் வகை ஊசியை வீட்டிலும் தொடரப் பரிந்துரைக்கிறோம். நலமடைந்துவிட்டதாக எண்ணி, மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தாதீர்கள். நாள்தோறும் பலமுறை சிறிது தூரம் நடங்கள். அமர்ந்திருக்கையில் கணுக்கால்களை மேலும் கீழும் அசைத்து வாருங்கள்.

ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். திடீர் மூச்சுத்திணறல், புதிய நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றை அறுவை சிகிச்சையின் களைப்பு எனக் கருதிக் காத்திராமல், உடனே 108ஐ அழையுங்கள்.