ரெஸ்டாரண்ட் என்றொரு சாறு

பாரிஸ் நோயாளியின் கிண்ணத்தில் பிறந்த சொல் இந்திய நீதிமன்றங்கள் வரை வந்த கதை

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸ்வாசி எவரும் ரெஸ்டாரண்டுக்குப் போக முடியாது. அதைக் குடிக்கத்தான் முடியும். இழந்த தெம்பைத் திருப்பித் தருவது என்ற பொருள்கொண்ட பிரெஞ்சு வினையிலிருந்து வந்த இந்தச் சொல், அன்று ஒரு பானத்தின் பெயர். கோழியையும் மாட்டிறைச்சியையும் மூடிய பாத்திரத்தில், பெரும்பாலும் தண்ணீரே சேர்க்காமல், மணிக்கணக்கில் வேகவைத்து இறக்கிய கெட்டிச் சாறு அது. மென்று தின்னத் தெம்பில்லாதவர்களுக்கு மருந்துபோலக் கொடுத்தார்கள். திதரோ தொகுத்த புகழ்பெற்ற கலைக்களஞ்சியமும் அதை மருத்துவச் சொல்லாகவே பதிவு செய்தது. காய்ச்சல் விட்டு எழுந்தவருக்கு நம் வீடுகளில் ஆட்டுக்கால் சூப் வைப்பார்களே, அதன் பணக்கார வடிவம்.

ஆட்டுக்கால் இந்தச் சொல்லின் கதையிலும் வருகிறது. 1765இல் பூலாஞ்ஜே என்ற சூப் வியாபாரி வெள்ளைக் குழம்பில் ஆட்டுக்கால் விற்றாராம். சமைத்த உணவு விற்கும் ஏகபோக உரிமை பெற்றிருந்த சங்கத்தார் வழக்குப் போட்டார்களாம். பூலாஞ்ஜே ஜெயித்தாராம், ரெஸ்டாரண்ட் பிறந்ததாம். ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகமாக எழுதிவந்த இந்தக் கதையை வரலாற்றாசிரியர் ரெபெக்கா ஸ்பாங் 2000இல் வெளியிட்ட நூலில் கவிழ்த்தார். ஆவணங்களில் அப்படியொரு வழக்குக்குத் தடயமே இல்லை. அவர் காட்டும் ஆள் மத்துரன் ரோஸ் த ஷாந்த்வாஸோ. 1766இல் சாற்றுக்கடை திறந்தவர். 1769இல் பாரிஸ் வணிகர்களின் முகவரிப் புத்தகம் ஒன்றை வெளியிட்டு, அதில் தன் கடைக்கும் இடம் ஒதுக்கிக்கொண்ட சாமர்த்தியசாலி. நாட்டின் கடனை அடைக்கவும் ஒரு திட்டம் கைவசம் வைத்திருந்தார்.

அவருடைய கடையில் சாற்றைவிட முக்கியமானது அதைக் கொடுத்த விதம். அதுவரை விடுதிகளில் பொது மேஜைதான். குறித்த நேரத்துக்குப் போய், முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து, வைத்ததைச் சாப்பிட வேண்டும். கை நீளமானவருக்கு நல்ல துண்டு கிடைக்கும். ஆனால் நோயாளிக்கு மணியடித்தாற்போலப் பசிக்குமா? கூட்டத்தில் முண்டியடிக்கத்தான் முடியுமா? எனவே சாற்றுக்கடையில் எந்த நேரமும் பரிமாறினார்கள். தனி மேஜை, விருப்பத்துக்கேற்ற பதார்த்தம், முன்கூட்டியே தெரிந்த விலை. பலவீனருக்குக் காட்டிய இந்தச் சலுகை கல்லைத் தின்றாலும் செரிப்பவர்களுக்கும் பிடித்துப்போனது. 1780களில் ஆந்துவான் பொவில்லியே போன்றவர்கள் அதே பெயரில் முழுச் சாப்பாடே போட்டார்கள். கிண்ணத்தில் இருந்த சொல் கட்டடத்துக்கு மாறியது. நடத்துபவருக்கு 'ரெஸ்டோரத்தர்', அதாவது மீட்பவர் என்று பெயர். அதன் நடுவில் 'ன்' கிடையாது. சேர்த்து எழுதும் ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இன்றும் குறைவில்லை.

தமிழர்களோ சாப்பிட ஓட்டலுக்குத்தான் போகிறார்கள். அதுவும் பிரெஞ்சு வழி வந்ததே. ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல். (இதை வைத்துச் சுகாதாரம் பற்றிக் கேலி பேச வேண்டாம்.) மெஸ்ஸும் தப்பவில்லை: மேஜையில் வைக்கப்படும் பதார்த்தத்துக்குப் பழைய பிரெஞ்சுப் பெயர் அது.

ஆனால் ரெஸ்டாரண்டில் நடப்பது பண்டத்தின் விற்பனையா, விருந்தினருக்குச் செய்யும் உபசாரமா என்ற கேள்வி, இந்தியாவில் பணம் சம்பந்தப்பட்டது. விற்பனை என்றால் மாநிலங்கள் வரி போடலாம். நார்தர்ன் இந்தியா கேட்டரர்ஸ் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் உபசாரமே என்றது. தட்டில் மிஞ்சியதைக் கட்டி எடுத்துப்போகும் உரிமை வாடிக்கையாளருக்கு இல்லை. எனவே அவர் பண்டத்தை வாங்கவில்லை என்பது வாதங்களில் ஒன்று. பார்சல் பொட்டலத்தோடு வீடு திரும்பும் நாட்டில் இது விசித்திரமான வாதம்தான். பதறிப்போன அரசு 1982இல் 46வது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தையே மாற்றி, உணவு வழங்குவதும் விற்பனையாகக் கருதப்படும் என்று எழுதியது. 2017இல் வந்த ஜி.எஸ்.டி. சட்டம் மறுபடியும் அதைச் சேவைக் கணக்கில் சேர்த்தது.

அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு தந்தது. ரெஸ்டாரண்டுக்குப் போகிறவர் தண்ணீர் பாட்டில் வாங்குவதற்காக மட்டும் போவதில்லை; எனவே அதில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம். உபசாரம் என்ற வாதம் ஓட்டல்காரர்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் சேவைக்கே பணம் என்றால், பில்லின் அடியில் தனியாக 'சேவைக் கட்டணம்' எதற்கு? அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னதை, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. சங்கங்கள் மேல்முறையீடு செய்தன. அதை ஆகஸ்டில் விசாரித்த அமர்வு தண்ணீர் பாட்டிலையே கையில் எடுத்தது: சுகமான சூழலுக்கு என்று அதிக விலை வாங்கியாயிற்றே, பிறகு சேவைக்கு இன்னொரு கட்டணம் எதற்கு என்று கேட்டது.