வால்வு மாற்றியாச்சு, இன்னும் மாத்திரை எதுக்கு?



இருதய வால்வு ஆப்பரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்கள் சில மாதங்களில் கேட்பது இது: "மூச்சு வாங்கல, நல்லா நடக்கறேன். இன்னும் எதுக்கு மாத்திரை?" பதிலைத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

வால்வு கெடுவது ஏன்?

ரத்தம் ஒரே திசையில் போகும்படி திறந்து மூடும் நான்கு கதவுகளே வால்வுகள். நம் நாட்டில் இவை கெட முக்கியக் காரணம், சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல். கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வோ, திசு வால்வோ வைக்கிறார்கள். நம் நாட்டிலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவான வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. புதுச்சேரி ஜிப்மரிலும் வால்வு ஆப்பரேஷன் நடக்கிறது.

மருந்து ஏன்?

கதவு புதுசு, இருதயத்தின் சதை பழசு. பல வருஷம் பாரம் சுமந்து களைத்த சதை அது. ஆப்பரேஷன் முடிந்ததும் அட்ரினலின், டோபுடமின் போன்ற மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி இருதயத் துடிப்புக்கு வலு தருகிறார்கள். தெம்பு வர வர அதைக் குறைத்து நிறுத்துவார்கள். பிறகு வேலை மாத்திரைகளுடையது.

1. நீர் மாத்திரை (ஃபுரோசிமைடு): உடம்பில் தேங்கும் உப்பையும் நீரையும் வெளியேற்றும். இதைச் சாப்பிட்டுக்கொண்டே கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று உப்பைச் சேர்த்தால் பயனில்லை. தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ டாக்டரிடம் போங்கள். வயிற்றுப்போக்கு வந்தாலும் உடனே சொல்லுங்கள்.

2. டிகாக்சின்: துடிப்பைச் சீராக்கும். அளவு மீறினால் குமட்டல் வரும், பார்வை மஞ்சளாகும், நாடி மெதுவாகும்.

3. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை (வார்ஃபரின், அசிட்ரோம்): உலோக வால்வு வைத்தவர்களுக்கு இது ஆயுள் முழுவதும் வேண்டும். நிறுத்தினால் வால்வில் ரத்தக்கட்டி சேர்ந்து வால்வு அடைபடலாம். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அளவு கூடினால் ரத்தக்கசிவு. ஆகவே டாக்டர் சொன்ன தேதியில் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கீரையை விட வேண்டாம். ஒரு வாரம் கட்டுக்கட்டாக, மறு வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் தப்பு. வலி மாத்திரை, நாட்டு மருந்து எதையும் கேட்காமல் சாப்பிடாதீர்கள்.

ஒருவேளை மறந்துபோனால்? அன்றைக்கே ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. கடலில் தங்குபவர்கள் திரும்பும் நாளுக்கு மேலும் சில நாள் மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் எடுத்துப் போங்கள்.

பெண்களுக்கு:

குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். உறைதல் தடுப்பு மாத்திரையும், எனலாப்ரில் போன்ற மாத்திரைகளும் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. டாக்டர் மருந்தை மாற்றித் தருவார். நாள் தள்ளிப்போனால் அன்றே போங்கள். எந்தக் கருத்தடை முறை உங்களுக்கு ஏற்றது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறக்கக் கூடாதவை:

ருமாட்டிக் காய்ச்சலுக்கான பெனிசிலின் ஊசி 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடச் சொல்லியிருந்தால், ஆப்பரேஷனுக்குப் பிறகும் தொடருங்கள். பல் பிடுங்கும் முன் வால்வு வைத்திருப்பதைச் சொல்லுங்கள்.

திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் விளங்காமை, கருப்பு மலம், நிற்காத ரத்தம், தலையில் அடி, விடாத காய்ச்சல்: இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்காமல் காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரைச் சீட்டு கையோடு இருக்கட்டும்.

உடம்பு நல்லா இருப்பது மாத்திரையின் வேலை. நல்லா இருக்கிறதே என்று அந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்!